முதலில் பம்பு

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற தீயணைப்பு வண்டியின் மைல்மானியைப் பார்த்தால், அது எப்போதோ பழுதாகி நின்றுபோனது என்றே தோன்றும். பதினைந்தாயிரம் மைல் காட்டும், மிஞ்சிப்போனால் இருபதாயிரம். நகரத்து டாக்சி ஓர் ஆண்டுக்குள் தாண்டிவிடும் தூரம். ஆனால் மைல்மானியில் பழுது ஏதும் இல்லை. மணி அடித்ததும் இரண்டு மைல் ஓட்டம். போன இடத்தில் நின்றபடியே எஞ்சின் மணிக்கணக்கில் உறுமும். பிறகு நிலையத்துக்குத் திரும்ப இரண்டு மைல். அந்த வண்டி நின்ற இடத்திலேயே தேய்ந்த வண்டி.

பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் புதுப்பிக்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு இது பிந்தித்தான் புலப்படுகிறது. பழைய கார்களைப் புதுப்பித்த பழக்கத்தில் முதலில் டிங்கரிங், அடுத்து பெயின்டிங், பிறகு குரோமியப் பூச்சு என்று இறங்குகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வண்டி பளபளவென்று ஊர்வலத்தில் போகிறது. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் பித்தளை வாய்களைத் திறந்தால் தண்ணீர் வராது. அப்படிப்பட்ட வண்டியை நான் புதுப்பித்த வண்டியாக ஏற்க மாட்டேன். அது சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய லாரி. தண்ணீரை உறிஞ்சி எடுத்து அழுத்தத்தோடு வீசுவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம், அதைச் செய்ய முடிகிறபோதுதான் மீண்டு வந்ததாக அர்த்தம். பம்பு முதலில், பெயின்ட் கடைசியில் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அந்த நாட்டுத் தீயணைப்பின் அமைப்பே காரணம். அங்கே தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை என்ற நம் ஏற்பாடு அங்கே இல்லை. சிற்றூர்கள் தங்களுக்கென்று தனித்தனியே நிலையம் வைத்துக்கொண்டன. ஊரார் விருந்து நடத்தியும் திருவிழா நடத்தியும் பணம் சேர்த்து ஒரு வண்டி வாங்குவார்கள். வண்டியின் கதவில் ஊர்ப் பெயர் தங்க எழுத்தில் ஏறும். வண்டிக்கு வயதானதும் அதைக் கழிக்க மனம் வராது. கொட்டகையின் பின்மூலையில் ஒதுக்கிவைப்பார்கள், அல்லது நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரே சொற்ப விலைக்கு வாங்கிக்கொள்வார். அப்பா தொங்கிக்கொண்டு போன வண்டியை மகன் தேடிப்பிடித்து வாங்குவதும் உண்டு. 1991இல் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதி, புதிதாகச் செய்யும் வண்டிகளில் வீரர்கள் எல்லாரும் மூடிய அறைக்குள் உட்கார்ந்தே போகவேண்டும் என்றது. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் காலம் அதோடு முடிவுக்கு வந்தது. திறந்த வண்டிகள் எல்லாம் பழம்பொருள் என்ற பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தன.

தனியார் ஆசை பொதுச் சொத்தாக மாறிய கதைகளில் பெரியது ஜார்ஜ் கெட்ஸ் என்பவருடையது. 1955ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவருடைய மனைவி ஆலிவ் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது, 1924இல் செய்த ஓர் அமெரிக்கன் லாஃபிரான்ஸ் தீயணைப்பு வண்டி. அந்த ஒரு வண்டியிலிருந்து தொடங்கிய சேகரம் 1961இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1974இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு இடம்பெயர்ந்தது. ஹால் ஆஃப் ஃபிளேம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கெட்ஸ் பரிசு பெற்ற மூன்று ஆண்டுக்குள், 1958இல், பழைய மோட்டார் தீயணைப்பு வண்டிகளைக் காக்கவும் போற்றவும் ஒரு சங்கம் உருவானது. அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஸ்பாம்ஃபா என்பார்கள். ‘எஞ்சின்! எஞ்சின்!’ என்பது அதன் இதழின் பெயர். இந்தச் சங்கத்தார் கூடும் இடங்களில் வண்டிகள் வரிசையாக நின்று அழகு காட்டுவதோடு சரி என்று விட்டுவிடுவதில்லை. ஏரிக்கரையிலோ குளக்கரையிலோ நிறுத்தித் தண்ணீர் எடுத்து வீசிக் காட்டுவார்கள். அதனால்தான் அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

இந்தியாவில் இதற்கு ஈடாக உடனே நினைவுக்கு வருவது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜான் மோரிஸ் வண்டி. இங்கிலாந்தின் சால்ஃபர்டில் 1914இல் செய்தது, காற்றடைக்காத கெட்டி ரப்பர் சக்கரங்கள் கொண்டது. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் ஓட்டத்தில் அந்த வண்டியும் டெல்லித் தெருக்களில் ஓடியிருக்கிறது. நூறு வயது கடந்த வண்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்காமல் ஓட விடுகிறார்களே, அந்தத் துணிவைப் பாராட்டியாக வேண்டும்.

இனி வண்டிக்குள் போகலாம்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் தீயணைப்பு வண்டி இரண்டு எஞ்சின் கேட்டது. ஓடுவதற்கு ஒன்று, தண்ணீர் இறைப்பதற்கு ஒன்று. மினசோட்டா மாநிலத்தின் வாட்டரஸ் நிறுவனம் 1907இல் கலிஃபோர்னியாவின் அலமீடா நகருக்குக் கொடுத்த வண்டியில் ஒரே எஞ்சின் இரண்டு வேலையையும் செய்தது. அதன் பிறகு வந்த வண்டிகளின் ஆதார அமைப்பு இதுதான். வண்டி நின்றதும் ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறார். பின்சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்த எஞ்சினின் சுழற்சி, பம்புக்குத் திரும்புகிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் தொட்டுப் பார்க்கவேண்டியது அந்த நெம்புகோலைத்தான். இருக்கை கிழிந்திருந்தால் எங்கும் தைத்துக்கொள்ளலாம். அந்தப் பல்சக்கரப் பெட்டிக்குள் பல் உடைந்திருந்தால் அதற்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. லேத் பட்டறையில் புதிதாக வெட்டித்தான் ஆகவேண்டும்.

பம்பில் மூன்று குலங்கள். ஒன்று பிஸ்டன் பம்பு. சின்சினாட்டியின் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் நிறுவனம் இதற்குப் பேர்போனது. எஞ்சினுக்கும் முன்னால், வண்டியின் மூக்கில் பம்பை வைத்தார்கள். அதன் தலைமேல் பளபளக்கும் பெரிய உலோகப் பந்து ஒன்று. வண்டியைப் பார்க்கிற குழந்தைகளுக்கெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்தப் பந்துதான், அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நம் ஊர் அடிபம்பை நினைத்துக்கொண்டால் அதன் வேலை விளங்கிவிடும். அடிக்கும்போது தண்ணீர் பாய்கிறது, கையை உயர்த்தும்போது குறைகிறது. இப்படித் துள்ளித் துள்ளி வரும் தண்ணீர் நீண்ட குழாயில் போனால் குழாய் உதறும், முனையைப் பிடித்திருப்பவர் தடுமாறுவார். பந்துக்குள் அடைபட்டிருக்கும் காற்று, அடி விழும்போது நெரிந்து கொடுக்கிறது. அடி ஓயும்போது விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. வெளியே வரும் தாரை ஒரே சீராகிவிடுகிறது. பந்தை அழகுக்காக மெருகேற்றிவிட்டு, அடியில் இருக்கும் வால்வுகளையும் பிஸ்டன் வளையங்களையும் கவனியாமல் விட்டால் அது வெறும் பந்துதான்.

இரண்டாவது, பல்சக்கரப் பம்பு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் இருந்த அமெரிக்கன் லாஃபிரான்ஸ் நிறுவனத்தின் பழைய வண்டிகளில் இருப்பது. கூட்டுக்குள் இரண்டு பெரிய பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும். பல்லிடுக்கில் மாட்டிய தண்ணீர் சுற்றிக் கொண்டுபோகப்பட்டு மறுபக்கம் தள்ளப்படும். நிமிடத்துக்கு 750 கேலன், அதாவது சுமார் 2840 லிட்டர் இறைக்கும் 75ஆம் வகை வண்டி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போனது. சக்கரப் பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கவேண்டும். குளத்து மணலையும் ஆற்று மணலையும் முப்பது வருடம் குடித்த பம்பில் அந்த இடைவெளி அகன்றிருக்கும். சுழலும், இரையும், தண்ணீர் மட்டும் வராது.

மூன்றாவது, மையவிலக்குப் பம்பு. பின்னாளில் எல்லாரும் வந்துசேர்ந்த இடம் இதுதான். இதன் குணத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. கிணற்றடியில் பம்புசெட்டு வைத்திருந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகினால் இரவோடு இரவாகக் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் மோட்டாரைப் போட்டால் சும்மா சுற்றும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் எடுக்கும். மையவிலக்குப் பம்பால் காற்றை இழுக்க முடியாது என்பதே காரணம். தீப்பிடித்த வீட்டின் முன்னால் குடத்தோடு நிற்க முடியாது என்பதால், வண்டியில் காற்றை உறிஞ்சி எடுக்கச் சின்னதாகத் தனிப் பம்பு ஒன்று இருக்கும். அதுவும் பெரும்பாலும் பல்சக்கர வகையோ தகடு வகையோதான். பெரிய பம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சின்னது இறந்திருந்தால் குளத்திலிருந்து ஒரு சொட்டும் ஏறாது. புதுப்பிக்கிறவர்கள் கடைசிவரை மறந்துவிடுகிற பாகம் இதுதான் என்று சொல்லத் துணிவேன்.

பம்பின் நிலையை அறிய ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே நடத்துவது. எல்லா வாய்களையும் மூடி, உறிஞ்சுபக்கத்தில் காற்றை எடுத்து, வெற்றிடமானி 22 அங்குலப் பாதரசம் காட்டும்வரை கொண்டுபோக வேண்டும். அது 25 அடி ஆழத்துத் தண்ணீரைத் தாங்கும் இழுப்பு. அங்கே நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் முள் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இது இன்றைய வண்டிகளுக்கு விதித்த அளவு. எண்பது வயது வண்டியில் முதல் சோதனையன்று முள் ஏறவே ஏறாது. ஏறினால் அரை நிமிடத்தில் தரையைத் தொடும். மூட்டுகளில் சவர நுரையைத் தடவிப் பார்ப்பார்கள். ஒழுகும் இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுச் சின்னக் குழி விழும். அங்கே ஒரு கேஸ்கட், இங்கே ஒரு வால்வின் தோல் வட்டு, வேறெங்கோ பெயின்ட் மறைத்திருந்த மயிரிழை விரிசல். வாரக்கணக்கில் நடக்கும் துப்பறியும் வேலை இது. காற்று நுழையும் கடைசி இடத்தையும் அடைத்து, முள் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கிற நிறைவு பெயின்ட் பளபளப்பில் கிடைக்காது.

ஒழுக்கு வேண்டிய இடமும் ஒன்று உண்டு. பம்பின் தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் கிராஃபைட் தோய்த்த கிளாண்ட் கயிற்றைச் சுற்றித் திணித்து இறுக்குவார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் ஒழுகக் கூடாது என்று முழு பலத்தோடு ஸ்பேனரைப் பிடித்து முறுக்குவார். தண்டு ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தாக வேண்டும். அந்தக் கசிவுதான் கயிற்றைக் குளிர்விக்கிறது. வறண்டுபோனால் கயிறு கருகும், தண்டில் பள்ளம் விழும், பிறகு தண்டையே மாற்றவேண்டி வரும்.

வடக்கு மாநிலங்களில் இந்தப் பம்புகளைக் கொன்ற பெரிய எதிரி பனிக்காலம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருக்கிறது. வார்ப்பிரும்புக்கு விரிந்துகொடுக்கத் தெரியாது. கைவிடப்பட்ட கொட்டகையில், அடியில் ஒரு படி தண்ணீரோடு நின்ற பம்பு, ஒரே இரவில் வெடித்துவிடும். எஞ்சின் கட்டைக்கும் இதே கதி. வெடித்த வார்ப்பிரும்பைச் சாதாரணமாக வெல்டு வைத்தால் சூட்டில் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் கிளம்பும். அதனால் நெருப்பே இல்லாமல் தைக்கும் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். விரிசலின் நீளத்துக்கு ஒன்றையொன்று தழுவும் துளைகள் போட்டு, மரை வெட்டி, உலோக முளைகளைத் திருகி, மேலே தட்டி மட்டமாக்குகிறார்கள். தையல் என்றே அதற்குப் பெயர். நல்ல கைக்காரர் தைத்த இடத்தைப் பெயின்டுக்கு அடியில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னும் இரண்டு உறுப்புகளைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றபடி மணிக்கணக்கில் இறைக்கும்போது அந்தக் காற்று கிடையாது. ஆகவே பம்புத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சுருள் குழாய் வழியாக அனுப்பி எஞ்சினின் சூட்டைத் தணிக்கிறார்கள். அந்தச் சுருளில் பொத்தல் விழுந்திருந்தால் அழுத்தம் மிகுந்த குளத்துச் சேறு ரேடியேட்டருக்குள் பாயும். இரண்டாவது, அழுத்தத் தணிப்பு வால்வு. மூன்று குழாய்களில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் தன் முனையைச் சட்டென்று மூடினால், மிச்ச இரண்டு முனைகளைப் பிடித்திருப்பவர்கள் மேல் அழுத்தம் பாயும். ஏணிமேல் நிற்பவரைக் கீழே தள்ளக்கூடிய பாய்ச்சல். உபரியை உறிஞ்சுபக்கத்துக்கே திருப்பிவிடுவது இந்த வால்வின் வேலை. பொழுதுபோக்காக இறைக்கும் நாளிலும் முனையைப் பிடித்திருப்பது ஒரு மனிதர்தான். இந்த வால்வைப் பழுதுபார்க்காமல் கூட்டத்தின் நடுவே பம்பை ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

பித்தளை வாய்களில் இருக்கும் மரையைப் பற்றிச் சொல்ல ஒரு ஊரே எரிந்த கதையைச் சொல்லவேண்டும். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை, பால்டிமோர் நகரின் வணிகப் பகுதியில் தீ பிடித்தது. உதவிக்கு வாஷிங்டனிலிருந்து ரயிலில் எஞ்சின்கள் வந்தன. ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று இன்னும் பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களின் குழாய்கள் பால்டிமோரின் தெருக் குழாய்வாய்களில் பொருந்தவில்லை. ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு விட்டம், தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான கட்டடங்கள் போயின. பிறகு தேசியத் தர நிர்ணய அலுவலகம் கணக்கெடுத்தபோது, நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட இணைப்பு அளவுகள் புழக்கத்தில் இருப்பது தெரியவந்தது. இரண்டரை அங்குல இணைப்புக்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்ற பொதுத் தரம் பிறந்தது இந்தச் சாம்பலிலிருந்துதான்.

ஆனால் தரம் பிறந்தவுடன் எல்லா ஊரும் மாறிவிடவில்லை. மாற்றினால் தெருவில் இருக்கும் அத்தனை குழாய்வாய்களையும், நிலையத்தில் இருக்கும் அத்தனை குழாய்களையும் மாற்றவேண்டும். பல ஊர்கள் பல தலைமுறைக்குத் தங்கள் மரையையே வைத்துக்கொண்டன. எனவே இன்று பழைய வண்டி வாங்குகிறவர், அதன் வாய்களில் மரை அளவியை வைத்துப் பார்த்தால், அது எந்த ஊரில் வேலை செய்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். இணைப்பு பொருந்தவில்லை என்று எரிச்சல்பட்டு அந்த மரையை அரைத்து எடுத்துவிட்டுப் புதுத்தர மரை வெட்டிவிடுகிறார்கள் சிலர். எனக்கு அது கல்வெட்டைச் சுரண்டுவதுபோலப் படுகிறது. ஒரு பக்கம் பழைய மரை, மறுபக்கம் புதிய மரை உள்ள சின்ன இடைஇணைப்பை லேத்தில் கடைந்துகொண்டால் வேலை முடிந்தது. வாயைத் தொடவே வேண்டாம்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கார்க்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் தெரிந்ததுதான் இங்கும் பெரும்பகுதி. பல ஆண்டு நின்ற எஞ்சினை ஆர்வக் கோளாறில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். தொட்டியில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். இந்த வண்டிகளில் பலவற்றின் விசேஷம், இரட்டைப் பற்றவைப்பு. பாதி வழியில் பொறி நின்றுபோகக் கூடாது என்பதற்காக மேக்னட்டோ ஒன்று, பேட்டரி வழி ஒன்று என்று இரண்டு ஏற்பாடுகளையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பார்க் பிளக்குகளையும் வைத்தார்கள். இரண்டும் தனித்தனியே வேலை செய்கிறதா என்று சோதிக்காதவர், ஒன்று செத்திருப்பதைக் கண்டுகொள்ளவே மாட்டார். பியர்ஸ்-ஆரோ என்ற ஆடம்பரக் கார் நிறுவனம் 1938இல் மூடப்பட்டபின், அதன் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினின் வடிவமைப்பைச் சீகிரேவ் என்ற தீயணைப்பு வண்டி நிறுவனம் வாங்கித் தொடர்ந்தது. செல்வந்தர் காருக்குப் பிறந்த எஞ்சின், காரே மறைந்த பிறகும் தீயோடு போராடிக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஆபத்தான விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். பழைய சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும், குழந்தைகளின் வாய்க்குப் போகும். பிரேக் கட்டையிலும் புகைக்குழாயைச் சுற்றிய நாடாவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதவே கூடாது. சக்கரங்களில் பலதும் பிளவு வளையம் பூட்டிய வகை. துருப்பிடித்த வளையம் காற்று ஏற்றும்போது பெயர்ந்து பறந்தால் எதிரில் நிற்பவர் தப்புவது அரிது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்றவேண்டும். பிரேக் ஒற்றைச் சுற்றாக இருக்கும் வண்டியில் எங்கேனும் ஒரு குழாய் பிய்ந்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். 500 கேலன் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 1.9 டன், அதுவும் வளைவில் ஒருபக்கமாகச் சாயும் எடை. பழமை கெட்டுவிடுமே என்று பிரேக்குக் குழாயில் மட்டும் யாரும் தயங்கவேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

இப்போது பெயின்ட். கடைசியில் என்று சொன்னேனே தவிர, முக்கியமில்லை என்று சொல்லவில்லை. உண்மையில் மிகக் கடினமான கேள்வி இங்கேதான் வருகிறது. எந்த ஆண்டுக்குத் திரும்பக் கொண்டுபோவது?

தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கு என்று பலரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஆனால் அந்த வண்டி அந்த நிலையில் இருந்தது சில மாதங்களே. பிறகு ஊர் அதில் கைவைத்தது. கூடுதலாக ஒரு விளக்கு, வானொலிக்கு ஒரு கம்பி, மூச்சுக்கருவி மாட்ட ஊர்க் கொல்லர் வைத்த கொக்கி. 1970களில், இரவில் சிவப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்ற வாதம் பரவி, பல ஊர்கள் வண்டிகளை எலுமிச்சை மஞ்சளுக்கு மாற்றின. ஸ்டீபன் சாலமன் என்ற கண்பார்வை நிபுணர் இதற்காகத் தொடர்ந்து எழுதினார். பிறகு பல ஊர்கள் சிவப்புக்கே திரும்பின. கதவின் ஓரத்தில் ஓர் இடத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் வளையம் வளையமாகத் தெரியும்: மேலே சிவப்பு, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே வேறொரு சிவப்பு, அடியில் பூச்சுமாவு. ஓர் அங்குல அகலத்துக்கு அந்த வளையத்தை வார்னிஷ் பூசி அப்படியே விட்டுவைப்பவர்களை நான் நல்ல கலைஞர்கள் என்பேன்.

பழைய கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, கட்டடங்களைப் பேணுவதற்கான வெனிஸ் சாசனத்தின் வழியில் டியூரின் சாசனம் என்ற ஒன்றை இந்த நூற்றாண்டில் ஏற்றுக்கொண்டது. இருப்பதைப் பேணுவது முதல், மீட்டமைப்பது அதற்குப் பின், புதிதாகச் செய்வது கடைசி என்பது அதன் சாரம். தீயணைப்பு வண்டிக்கு இதைப் பொருத்தும்போது ஒரு முரண் வருகிறது. பம்பை இயங்கவைக்க வேண்டுமென்றால் தேய்ந்த வளையங்களையும் கேஸ்கட்டுகளையும் வால்வு வட்டுகளையும் தூக்கியெறிந்து புதிது போட்டாக வேண்டும். பேணலுக்கு அது எதிரானது. என் விடை இது: தேய்வதற்கென்றே செய்த பாகங்கள் எப்போதும் மாற்றப்பட்டவைதான், நிலையத்தில் இருந்த மெக்கானிக்கும் அவற்றை மாற்றினார். அவற்றை மாற்றுவது அந்த வண்டியின் வாழ்க்கையைத் தொடர்வது. தேயாத பாகங்களை, அதாவது கூட்டை, தகட்டை, மரச்சட்டத்தை, பித்தளை எண்பலகையை, ஊர்க் கொல்லர் வைத்த அந்தக் கொக்கியையும்கூட, தொடாமல் விடவேண்டும்.

எழுத்துகளில் மட்டும் அவசரமே கூடாது. கதவில் இருந்த ஊர்ப் பெயர் 23 காரட் தங்கத் தாளில் எழுதியது. மேலே வேறு பெயின்ட் ஏறியிருந்தாலும் சாய்வெளிச்சத்தில் எழுத்தின் மேடு தெரியும். தேய்ப்பதற்கு முன் அதைப் படம் எடுத்து, மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். தேய்த்துவிட்டால் அந்த ஊரின் கையெழுத்து போய்விடும். மறுபடி எழுதுகிறவர் முதலில் பசையால் எழுத்தைத் தீட்டுகிறார். அது முக்கால்வாசி உலர்ந்து, விரலில் ஒட்டாமல் லேசாகப் பிடிக்கும் பதத்தில், மூச்சுப் பட்டால் பறந்துவிடும் தங்கத் தாளை வைக்கிறார். பிறகு பஞ்சின்மேல் வெல்வெட் சுற்றிய பொட்டலத்தை எழுத்தின்மேல் அழுத்தித் திருகுகிறார், பக்கத்தில் பக்கத்தில், மீன் செதில்போல. வெளிச்சம் படும் கோணம் மாறும்போதெல்லாம் அந்தச் சுழிகள் உருள்வதுபோலத் தெரியும். ஓரத்தில் கறுப்புக் கோடு, மேலே வார்னிஷ். ஒட்டுத்தாளில் அச்சடித்த மஞ்சள் எழுத்து இதற்கு ஈடாகாது. பணம் குறைவாக இருந்தால், ஒட்டுத்தாள் போடுவதைவிட வெற்றுக் கதவோடு ஓரிரு வருடம் காத்திருப்பதே மேல்.

இந்த வண்டிகளைச் செய்த நிறுவனங்களில் பெரியதான அமெரிக்கன் லாஃபிரான்ஸ் 2014இல் கதவை மூடிவிட்டது. ஆனால் அது ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவெண் கொடுத்திருந்தது. பித்தளைத் தகட்டில் பொறித்த அந்த எண்ணை வைத்துக்கொண்டு, எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போன வண்டி என்று பழைய பதிவேடுகளில் தேடுகிறார்கள் ஆர்வலர்கள். பம்பு செய்த வாட்டரஸும் ஹேலும் இன்றும் பம்பு செய்துகொண்டிருக்கின்றன. வண்டியின் பெயர் மறைந்தாலும் வயிற்றில் இருக்கும் பம்பின் குலம் தொடர்கிறது.

எல்லாம் முடிந்து ஒரு காலையில் குளக்கரை. கெட்டியான உறிஞ்சுகுழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, முனையில் வடிகட்டியோடு தண்ணீருக்குள் இறங்குகின்றன. குழாயில் எங்கும் மேடு விழக் கூடாது, மேட்டில் காற்று தங்கும். நெம்புகோலைத் தள்ளிப் பம்பைப் பூட்டுகிறார்கள். சின்னப் பம்பு கரகரவென்று காற்றை எடுக்கிறது. வெற்றிடமானியின் முள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறுகிறது. அதுவரை இலேசாகச் சுழன்ற எஞ்சினின் குரல் திடீரென்று தாழ்ந்து கனக்கிறது. பம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது, சுமை ஏறிவிட்டது. இனி மானியைப் பார்க்கத் தேவையில்லை, காதே சொல்லிவிடும். வால்வை மெதுவாகத் திறக்கிறார்கள். தட்டையாகக் கிடந்த பருத்திக் குழாய் தலைமுனையிலிருந்து உருண்டு திரண்டு வருகிறது. முனையைப் பிடித்திருப்பவர் காலை அகட்டி ஊன்றிக்கொள்கிறார். முதலில் காற்றும் செந்நிறத் துருவும் சீறி வருகின்றன, பிறகு கண்ணாடிக் கோல்போல நீர்த்தாரை. கிளாண்ட் கயிற்றின் அடியில் சொட்டு விழுகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கிறார். விழுகிறது.

மாலையில் கூட்டம் கலைந்தபின் வண்டிக்காரர் அடியில் படுத்துக்கொள்கிறார். பம்பின் அடிவயிற்றில் ஒன்று, சுருள்குழாயில் ஒன்று, ஒவ்வொரு வாயின் கீழும் ஒவ்வொன்று என்று வடிகால் திருகுகள் இருக்கின்றன. எண்ணிக்கை பிசகாமல் எல்லாவற்றையும் திறக்கிறார். நெம்புகோலைத் தள்ளி, எஞ்சினை ஒரே ஒரு நிமிடம் ஓட்டி, பம்புக்குள் நின்ற தண்ணீரையும் உதறவைக்கிறார். திருகுகளை மூடாமல் அப்படியே விட்டு, கொட்டகைக் கதவைச் சாத்துகிறார். இரவில் உறைபனி விழும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள்.